யாரும் பொறக்காத ஸ்டாப்பிங்

கண்டக்டர்னா இன்னா பண்ணுவாங்க? ஊர்ப்பேரைக் கத்துவாங்க, விசில் ஊதுவாங்க, சில்லறை இல்லைன்னா மூஞ்சியைக் காட்டுவாங்க. ஜானி பாஷாவும் மூஞ்சியைக் காட்டுவார், அதுல ஒண்ணும் கம்மியில்லை. ஆனா ஸ்டாப்பிங் வந்தா வெறும் ஊர்ப்பேரோட அவர் விட்டதே கிடையாது.

"கல்லந்தல்! ஹைகோர்ட் ஜட்ஜ் வரதராஜுலு பொறந்த ஊரு! படி பார்த்து இறங்கும்மா!"

"பனைவாடி! ராக்கெட் இன்ஜினியர் தாமோதரன் பொறந்த ஊரு! கூடையை எடுத்துக்கோ, மறந்துடாத!"

"நாவல்தாங்கல்! பெண் வேஷம் கட்டினா கல்லும் அழும், கூத்துக்காரர் அலங்காரம் பொறந்த ஊரு! சீக்கிரம், சீக்கிரம்!"

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுல கெளம்பி கீழ்பென்னாத்தூர் தாண்டிப் போற அந்தப் பச்சை பஸ்ஸுல புதுசா ஏறுறவங்க மிரண்டு போவாங்க. பழகினவங்களோ தூக்கத்துல கூட இன்ஜினியர் பேர் காதுல விழுந்தா எழுந்து வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு இறங்கிடுவாங்க.

இந்தப் பைத்தியம் அவருக்குப் புடிச்சது எண்பத்தொம்பதுல. வட ஆற்காட்டுல இருந்து பிரிச்சு நம்மளைத் தனி மாவட்டமா ஆக்கின வருஷம் அது. டவுன்ல ஒரு கூட்டம் நடந்துது. பஸ்ஸு பஞ்சர், ஒட்டிக்கிட்டு வர்ற வரைக்கும் தோள்ல பையோட போய் ஓரமா நின்னார் பாஷா. மேடையில ஒருத்தர், இந்தச் சீமையில பொறந்து பேர் வாங்கினவங்களை வரிசையா சொல்லிக்கிட்டே போனார். பனைவாடி தாமோதரன்னு காதுல விழுந்ததும் பாஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. எந்தப் பனைவாடி? தினம் ரெண்டு தடவை நம்ம பஸ்ஸு நிக்குதே, அந்தப் பனைவாடியா? ஒரு மதகும் ரெண்டு பனைமரமும் தவிர வேற எதுவும் இல்லாத அந்த எடத்துல இருந்தா ஒருத்தன் போய் வானத்துக்கு ராக்கெட்டு விடறான்?

மறுநாள் பனைவாடியில விசாரிச்சார். ஆமா, அந்த மதகு மேல குந்தித்தான் அந்தப் புள்ள படிச்சுதுன்னாங்க. டிரைவர் சுப்பிரமணி ஹாரன் அடிச்சு அடிச்சுக் களைச்சுப் போனார். பாஷா அந்த மதகைத் தொட்டுப் பார்த்துக்கிட்டு நின்னார். உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. எட்டாங்கிளாஸோட நின்ன மனுஷன், அரபிக்கடலும் பார்த்ததில்லை, ஆகாய விமானமும் ஏறினதில்லை. ஆனா தன் பஸ்ஸு போற ரோட்டுல இத்தனை பெரிய மனுஷங்க வெறுங்காலோட நடந்திருக்காங்கன்னு நெனச்சா அவருக்குக் கண்ணு கலங்கும். "அல்லா, இந்தப் புழுதியில இன்னா விதையைப் போட்டு வச்சிருக்கே!"ன்னு வாய்விட்டே சொல்லுவார்.

அவர் ஒண்ணும் கண்டபடி கத்தறவர் இல்லை. சட்டம் உண்டு. ஒருத்தர் பேரைச் சொல்லணும்னா அந்த ஊர்ல ரெண்டு சாட்சி வேணும், ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்காரங்களா இருக்கக் கூடாது. வேலை பார்த்த ஊரு, சோறு தின்ன ஊரு எல்லாம் செல்லாது. தொப்புள்கொடி விழுந்த ஊருதான். ஒரு தடவை ஒரு டாக்டரோட மச்சான் வந்து, "எங்க மாமா இங்க எட்டு வருஷம் வைத்தியம் பார்த்தாரு, சொல்லுங்க பாய்"னு கெஞ்சினார். "அவங்கம்மா வயித்து வலியோட எங்க படுத்தாங்க, அதைச் சொல்லு"ன்னு திருப்பி அனுப்பிட்டார்.

இவ்வளவு சட்டம் பேசுற மனுஷனுக்கு ஒரே ஒரு ஸ்டாப்பிங் முள்ளாட்டம் குத்தும். பனைவாடிக்கு அடுத்த முள்ளந்தல். அங்க யாருமில்லை. லீவு நாள்ல தன் சொந்தக் காலால நடந்து வீடு வீடா விசாரிச்சுப் பார்த்தார். பந்தயம் கட்டி நாப்பது இட்லி தின்ன ஒருத்தர் கெடைச்சார். பம்பாய்க்கு ஓடிப்போய்க் கடுதாசி போடாத இன்னொருத்தர் கெடைச்சார். நாப்பது இட்லியைப் பஸ்ஸுல எப்படிக் கத்தறது?

அதனால முள்ளந்தல் வந்தா மட்டும் பாஷா குரல் இறங்கிடும். "முள்ளந்தல்"னு முணுமுணுத்துட்டு விசிலை ஊதிடுவார். பஸ்ஸுல நாலு பேர் கிளுகிளுன்னு சிரிப்பாங்க. "யாரும் பொறக்காத ஸ்டாப்பிங்"னு அதுக்குப் பேரே வச்சுட்டாங்க, கட்டைல போறவனுங்க.

அந்தச் சிரிப்பைத் தினம் வாங்கிக் கட்டிக்கிட்டவங்க கன்னியம்மாள். புருஷன் போய்ச் சேர்ந்துட்டார். ஒரே பொண்ணு பொன்னி. மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, அவிச்சுக் கூடையில எடுத்துக்கிட்டுக் காலை பஸ்ஸுல டவுனுக்குப் போய், கோயில் மதிலோரம் வித்துட்டுச் சாயங்கால பஸ்ஸுல திரும்புவாங்க. பௌர்ணமின்னா மலை சுத்தற கூட்டத்துல ரெண்டு கூடை போகும். வாய்க்காரி.

"இன்னா பாய், எங்க ஊருக்கு இன்னும் ஆள் கெடைக்கலையா? நீயே வந்து ஒண்ணு பெத்துக் குடேன்!"

"நான் எங்க போய்ப் பெக்கறது அக்கா? தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

சிரிச்சுக்கிட்டேதான் கேப்பாங்க. ஆனா அந்தச் சிரிப்புக்குள்ள ஒரு வலி இருந்துது. பொன்னிக்கு வந்த ரெண்டு வரன் தட்டிப் போச்சு. ரெண்டு தடவையும், "முள்ளந்தலா? கேள்விப்பட்டதே இல்லையே"ன்னு உதட்டைப் பிதுக்கிட்டுப் போனாங்களாம். காரணம் வேற இன்னாவோ, யாரு கண்டா. பெத்தவ மனசுக்கு அதுதான் பட்டுது.

தொண்ணூத்தாறு, தை மாசம். பாஷாவுக்கு ரம்ஜான் நோன்பு. காலையில பஸ் ஏறும்போதே கன்னியம்மாள் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாங்க.

"பாய், இன்னைக்குப் பொன்னியைப் பார்க்க வர்றாங்க. பனைவாடிக்காரங்க. நாலு மணி வண்டியில ஏறுவாங்க. கொஞ்சம் மரியாதையா நடத்திக் கூட்டிக்கிட்டு வா. இதுவும் போச்சுன்னா எம்பொண்ணு மொகத்தைப் பார்க்க என்னால முடியாது."

நாலு மணி வண்டியில டவுன்ல இருந்து கன்னியம்மாளும் ஏறி, பூவும் பழமுமா பின் சீட்டுல குந்தியிருந்தாங்க. பனைவாடியில அஞ்சு பேர் ஏறினாங்க. புரோக்கர் மூலமா வந்த சம்பந்தம், ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. மாப்பிள்ளையோட பெரியப்பா மீசையை நீவிக்கிட்டு முன்னால நின்னார். ஊர்ப்பெருமை அவருக்குத் தலைக்கு மேல ஒரு முழம்.

"இன்னாப்பா கண்டக்டர், எங்க ஊருக்கு ராக்கெட்டு. நாங்க பொண்ணு பார்க்கப் போற முள்ளந்தலுக்கு இன்னா?"

பஸ்ஸே சிரிச்சுது. யாரோ, "நாப்பது இட்லி!"ன்னு குரல் குடுத்தான்.

"சரிதான்! பேர் சொல்ல ஒரு ஆள் இல்லாத ஊர்லயா பொண்ணு எடுக்கறது? இப்படியே எதிர் வண்டி புடிச்சுத் திரும்பிடலாமாடா?" பெரியப்பா பாதி விளையாட்டாத்தான் கேட்டார். மீதிப் பாதி விளையாட்டு இல்லை.

பாஷா பின்னால திரும்பிப் பார்த்தார். கன்னியம்மாள் மடியில பூவை வச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சு, உதிர்ந்து விழுந்த ஒரு மல்லியையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. 

ஸ்டாப்பிங் வந்துடுச்சு. பாஷாவுக்கு நாக்கு வறண்டு கிடந்துது. விடிகாலை சஹருக்குத் தின்னது, சாயங்காலம் பள்ளிவாசல்ல ஊத்தப்போற நோன்புக் கஞ்சி நெனப்புதான் வயிறு பூரா. நிமிர்ந்து பார்த்தா டிரைவர் தலைக்கு மேல படவேட்டு ரேணுகாம்பாள் படம், மாலை போட்டு வச்சிருக்கு. அவ்வளவுதான். வாய் தானா தொறந்துக்கிச்சு.

"முள்ளந்தல்! தாது வருஷப் பஞ்சத்துல ஏழு ஊருக்குக் கஞ்சி ஊத்தின புண்ணியவதி ரேணுகாம்பாள் பொறந்த ஊரு! இறங்குங்க!"

 பெரியப்பா மீசையில இருந்து கையை எடுத்துட்டார்.

"ஏழு ஊருக்கா?"

"ஏழு ஊருக்கு. ஒரே அண்டா."

அந்த நிமிஷத்துல அடிச்ச விசில் இருக்கே, அதை விட பலமா அவர் வாழ்நாள்ல ஊதினதில்லை. நோன்பு வச்ச வாயால பொய்யைச் சொல்லிட்டோமேன்னு வழி பூரா கன்னத்துல போட்டுக்கிட்டே போனார்.

வைகாசியில பொன்னிக்குக் கல்யாணம். பெரியப்பா பந்தல்ல எல்லார்கிட்டயும், "கஞ்சி ஊத்தின ஊர்ல பொண்ணு எடுத்திருக்கோம்"னு பீத்திக்கிட்டாராம்.

வாயை விட்டுப் போன சொல்லைத் திருப்பி எடுக்க முடியுமா? கத்தின மறுநாளே பழையபடி "முள்ளந்தல்"னு முணுமுணுத்தா, பஸ்ஸே கத்துது: "பாய், ரேணுகாம்பாளை விட்டுட்டீங்களே!" வேற வழியில்லாம அன்னைக்கும் சொன்னார், அதுக்கடுத்த நாளும் சொன்னார். சாட்சி இல்லாத ஒரே பேரு. அப்புறம் சாட்சியும் வந்துடுச்சு, அதான் கூத்து! முள்ளந்தல் நாட்டாமை ஒருத்தர் ஏறி, "எங்க தாத்தா அந்தக் கஞ்சியைக் குடிச்சு வளந்தவரு"ன்னார். இன்னொருத்தர் அண்டா கெடந்த எடத்தைக் காட்டினார். மூணாவது ஆளு அந்தம்மா மூக்குத்தி இன்னா நெறம்னே சொல்லிட்டார். ரெண்டு சாட்சி கேட்ட மனுஷனுக்கு இருபது சாட்சி. 

அந்த ஆடி மாசமே முள்ளந்தல் பொம்பளைங்க ரேணுகாம்பாள் பேர்ல கூழு ஊத்த ஆரம்பிச்சுட்டாங்க. கன்னியம்மாள்தான் முன்னால நின்னு வீட்டுக்கு ஒரு கைப்பிடி கேழ்வரகு வாங்கினது. ஸ்டாப்பிங்லயே அண்டாவை வச்சு, பஸ்ஸை நிறுத்தி, ஏறினவன் இறங்கினவன் எல்லாருக்கும் ஒரு சொம்பு. டிரைவர் சுப்பிரமணி ரெண்டு சொம்பு. பாஷா கையில சொம்பைக் குடுக்கும்போது கன்னியம்மாள் அவர் மூஞ்சியை நேராப் பார்ப்பாங்க. அவர் பார்க்க மாட்டார். கூழு இறங்கும், வெட்கம் இறங்காது. வருஷா வருஷம் இதே கதை.

ரெண்டாயிரத்து ரெண்டு. வேங்கிக்கால்ல ஒரு ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து பாஷாவைக் கூப்பிட்டுது. மாவட்டத்துப் பெரியவங்களைப் பத்திப் புத்தகம் போடறாங்களாம். செழியன்னு ஒரு கிளார்க்கு, நல்ல புள்ள, நாற்காலி போட்டு டீ வாங்கிக் குடுத்துச்சு.

"பாய், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்னு டவுனே சொல்லுது. நீங்க வச்சிருக்கற சட்டத்தையே நாங்களும் வச்சுக்கறோம். பொறந்த ஊரு, ரெண்டு சாட்சி. சொல்லுங்க, எழுதிக்கறேன்."

பாஷாவுக்குக் காது அடைச்சுப் போச்சு. தான் பஸ்ஸுல கத்தின பேரெல்லாம் அச்சுல வரப் போகுது! ஜட்ஜ், இன்ஜினியர், கூத்துக்காரர்னு நாப்பத்து மூணு பேரைத் தலைமேல கை வச்சு சத்தியம் பண்றவராட்டம் ஒவ்வொண்ணா சொன்னார். முடிச்சுட்டு எழுந்தார்.

"முள்ளந்தல் ரேணுகாம்பாளை மறந்துட்டீங்களே பாய்? நானே அந்தக் கூழு குடிச்சிருக்கேன்." செழியன் பேனாவைத் தொறந்து வச்சுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

 தாமோதரன் பேருக்குக் கீழ ஒரு பொய்யா? மதகுல குந்திக் கண்ணு எரியப் படிச்ச புள்ளைக்குப் பக்கத்துல, நோன்புப் பசியில தான் கத்தின கட்டுக்கதையா? எழுதினா அந்த நாப்பத்து மூணு பேருக்கும் துரோகம். எழுதாம விட்டா முள்ளந்தல் மறுபடியும் யாரும் பொறக்காத ஊரு, பனைவாடியில வாழுற பொன்னி தலைகுனிஞ்சு நிக்கணும்.

"திங்கக்கிழமை சொல்றேன் சார்."

வீட்டுல நசீம் பானு கிட்ட எல்லாத்தையும் கொட்டினார். ஆறு வருஷமா பொண்டாட்டிக்குக் கூடச் சொல்லலை.

"ஏஜீ, ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்றாங்க. நீங்க ஒண்ணுதானே சொன்னீங்க?"

"ஒண்ணுதான் சொன்னேன். ஆயிரம் தடவை சொன்னேனே!"

நசீம் பானு தட்டுல சோத்தைப் போட்டு அவர் முன்னால வச்சாங்க. அப்புறம், "அந்தக்கா கிட்டப் போய்ச் சொல்லுங்க. திட்டினா வாங்கிக்குங்க. ஆபீஸுக்கு அப்புறம் போலாம்"னாங்க.

ஞாயித்துக்கிழமை உச்சிவெயில்ல முள்ளந்தல் போய் இறங்கினார். அவர் டூட்டி வண்டி காலையிலயும் சாயங்காலமும்தான் அந்தப் பக்கம் போகும். மத்தியானத்துல அந்த ஊரை அவர் பார்த்து வருஷக்கணக்காச்சு. ரெண்டு வருஷமா மழை ஏமாத்திட்டுது. ஏரி வெடிச்சுக் கெடக்குது, மல்லாட்டைக் கொல்லையெல்லாம் கட்டாந்தரை. மாரியம்மன் கோயில் பின்னால புகை தெரிஞ்சுது. ஆடி வர்றதுக்கு இன்னும் மாசம் இருக்கே, இன்னா விசேஷம்னு எட்டிப் பார்த்தார்.

மூணு கல் வச்சு அண்டா. பக்கத்துல கன்னியம்மாள், கையில நீட்டுக் கரண்டி, மூஞ்சியெல்லாம் கரி. எதிர்ல வரிசை, கோயிலைச் சுத்தி வளைஞ்சு போகுது. தூக்கு, குண்டான், புள்ளைங்க கையில தட்டு.

கண்டக்டராச்சே, பாஷாவுக்கு ஒவ்வொரு மூஞ்சியும் எந்த ஸ்டாப்பிங்ல ஏறும்னு தெரியும். இந்தம்மா கல்லந்தல். இந்த ரெண்டு பேர் நாவல்தாங்கல். நொண்டி நடக்கறவர் கொள்ளுமேடு. வரிசையைப் பார்த்துக்கிட்டே மனசுக்குள்ள ஸ்டாப்பிங்கை விரல் விட்டு எண்ணினார். நாலு, அஞ்சு, ஆறு. வரிசைக் கடைசியில தலையில துண்டு போட்டுக்கிட்டு, தூக்கை மறைச்ச மாதிரி புடிச்சுக்கிட்டு ஒருத்தர். பனைவாடி பெரியப்பா. மீசை நரைச்சுப் போச்சு.

ஏழு.

 மதகைத் தொட்டப்போ வந்த புல்லரிப்பெல்லாம் இதுக்கு முன்னால தூசு. பாஷா அப்படியே கல்லு மேல குந்திட்டார்.

வரிசை முடிஞ்சதும் கன்னியம்மாள் முந்தானையில மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு வந்தாங்க. "இன்னா பாய், பஸ்ஸு இல்லாம வந்திருக்க? கஞ்சி இருக்குது, குடிக்கறியா?"

"அக்கா, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். ரேணுகாம்பாள்னு யாரும் இல்லை. அன்னைக்கு அந்த ஆளுங்க சிரிச்சாங்க, உங்க மூஞ்சியைப் பார்க்க முடியலை, வாய்க்கு வந்ததைக் கத்திட்டேன். மன்னிச்சுடுங்க." சொல்லிட்டுப் பொம்பளை முன்னால ஆம்பளை அழுதார்.

கன்னியம்மாள் சிரிச்சாங்க. "எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா!"

"எங்க மாமியாருக்கு இந்த ஊர்ல எந்த நாய் எப்போ குட்டி போட்டுதுன்னு கூடத் தெரியும். ஏழு ஊருக்குக் கஞ்சி ஊத்தினவளைப் பத்தி ஒரு நாளு சொல்லாம இருப்பாங்களா? நீ எனக்காகத்தான் சொன்னேன்னு பின் சீட்டுலயே தெரிஞ்சு போச்சு." கரண்டியைக் கழுவிக்கிட்டே சொன்னாங்க. "ஆனா பாய், எம்பொண்ணு தாலி உன் பொய் மேல ஏறிச்சு. அந்தத் தாலி பொய் மேலயே நிக்கலாமா? மனசு கேக்கலை. ரேணுகாம்பாள் இல்லைன்னா போவட்டும், கஞ்சியாவது நெசமா இருக்கட்டும்னு நெனச்சேன். மொதல்ல ஆடிக்கு ஒரு நாளு. மழை பொய்ச்சதும் வாரத்துல ஒரு நாளு. இப்போ தினம். ஊர்ப் பொம்பளைங்க ஆளுக்கு ஒரு புடி கொண்டாந்து மொறை வச்சு ஊத்தறாங்க, நான் வெளியூர் மல்லாட்டை வாங்கி வித்த காசைப் போடறேன், ஞாயித்துக்கிழமை நானே கரண்டி புடிக்கறேன். நாலு மாசமா ஒரு நாளும் அண்டா காலியா கவுந்ததில்லை. வாங்கறவங்க கூசுவாங்கன்னு பஸ்ஸுல யாரும் இதைப் பேசறதில்லை."

 பாஷா கத்தின நாப்பத்து மூணு பேரும் இந்த ரோட்டுல பஸ் ஏறிப் போனவங்க. திரும்பி வந்து இறங்கினதை அவர் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. இந்தம்மா தினம் காலையில ஏறி, தினம் சாயங்காலம் இறங்கினாங்க. அவர் கையாலதான் கூடையை இறக்கிக் குடுத்தார்.

திங்கக்கிழமை செழியன் முன்னால போய் நின்னார்.

"ரேணுகாம்பாள்னு யாரும் இல்லை சார், அது நான் சொன்ன பொய். கன்னியம்மாள்னு எழுதுங்க." நடந்ததையெல்லாம் சொன்னார். செழியனும் ஆடிப் போயிட்டான். பேனாவை எடுத்தவன் கேட்டான்:

"பொறந்தது முள்ளந்தல்தானே?"

"இல்லை சார். செங்கம் பக்கம். வாக்கப்பட்டு வந்தவங்க."

"அப்போ முள்ளந்தல்ல போட முடியாதே பாய். நீங்க வச்ச சட்டம்தான். புத்தகம் பூரா அப்படித்தான் எழுதியிருக்கோம்."

தன் சட்டமே தன்னைக் கடிச்சுது. புத்தகம் வந்தப்போ முள்ளந்தலுக்கு நேரா ஒண்ணுமில்லை.

ஆனா அந்தப் புத்தகம் வர்ற வரைக்கும் யாரு காத்துக்கிட்டிருந்தது? செவ்வாய்க்கிழமை காலையிலயே முள்ளந்தல் ஸ்டாப்பிங்ல பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, பாஷா படியில ஏறி நின்னார்.

"எல்லாரும் கேளுங்க! தாது வருஷத்து ரேணுகாம்பாள்னு நான் ஆறு வருஷமா சொன்னது பொய்! அப்படி யாரும் இல்லை!"

"அப்போ எங்க தாத்தா குடிச்சது இன்னாய்யா?"ன்னு நாட்டாமை எகிறினார். பஸ்ஸு கொல்லுன்னு சிரிச்சுது. பாஷா சிரிக்கலை. பதிமூணு வருஷமா வச்சிருந்த சட்டத்தை ஒரு மூச்சுல தூக்கிப் போட்டுட்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

"முள்ளந்தல்! ஏழு ஊருக்குக் கஞ்சி ஊத்தற கன்னியம்மாள் வாழுற ஊரு! ஏறுறவங்க ஏறு!"

 கஞ்சி வாங்கின மூஞ்சிங்க அந்த பஸ்ஸுலயே எத்தனையோ இருந்துது. டிரைவர் சுப்பிரமணி சீட்டை விட்டு எழுந்து நின்னார். அவர் எழுந்ததைப் பார்த்துப் பின்னால ஒவ்வொருத்தரா எழுந்தாங்க.

கன்னியம்மாள் கூடையைத் தூக்கி உள்ள வச்சுட்டு, கம்பியைப் புடிச்சு ஏறினாங்க.

"பொய் சொன்னாலும் கத்தற, நெசம் சொன்னாலும் கத்தற. நேரமாவுது, டவுனுக்கு ஒரு டிக்கெட்டு குடு பாய்."

பதிமூணு வருஷமா அவங்களுக்கு டிக்கெட்டு கிழிச்சவர்தான் ஜானி பாஷா. அன்னைக்குத்தான் டிக்கெட்டை ரெண்டு கையாலயும் நீட்டினார்.